அகாடமியின் கோடை வாரத்திற்கு விண்ணப்பிப்பது எப்படி: பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும்

அமெரிக்காவில் பதினோராம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "நான் நேவல் அகாடமிக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன்" என்று சொன்னால், பெரும்பாலான தமிழ் வீடுகளில் சற்று நேரம் பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டிலும் நின்றது. தஞ்சாவூரிலிருந்து வீடியோவில் பேசிய என் அம்மா, "பொம்பளப் புள்ளையப் பட்டாளத்துக்கா அனுப்பப் போற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் தேடிப் போன வழியில்தான் இந்த அகாடமிகள் நடத்தும் கோடை நிகழ்ச்சிகளைப் பற்றித் தெரிந்துகொண்டோம். விண்ணப்பம் தொடங்கி வீடு திரும்புவது வரை நாங்கள் கற்றதை, இதே கேள்வியோடு நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

அமெரிக்க மைய அரசு நடத்தும் படை அகாடமிகளில் நான்கைப் பற்றி இங்கே பேசுகிறேன். நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் 1802-இல் தொடங்கப்பட்ட வெஸ்ட் பாயிண்ட் தரைப்படைக்கு உரியது. மேரிலாந்தின் அன்னாபொலிஸில் 1845-இல் தொடங்கப்பட்டது கடற்படை அகாடமி. விமானப்படை அகாடமி கொலராடோ ஸ்பிரிங்ஸிலும், கடலோரக் காவல்படை அகாடமி கனெக்டிகட்டின் நியூ லண்டனிலும் இருக்கின்றன. இவை நான்காண்டுப் பட்டப் படிப்புத் தரும் முழுமையான கல்லூரிகள். படிப்புக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. மாதந்தோறும் ஒரு தொகையும் தரப்படும். அதற்கு ஈடாக, பட்டம் பெற்ற பின் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும். விண்வெளி வீரர் சுனிதா வில்லியம்ஸ் 1987-இல் அன்னாபொலிஸிலும், ராஜா சாரி 1999-இல் விமானப்படை அகாடமியிலும் பட்டம் பெற்றவர்கள். என் அம்மாவுக்குச் சுனிதாவின் பெயரைச் சொன்ன பிறகுதான் பேச்சு சற்று இலகுவானது.

இந்த நான்கு அகாடமிகளும், பதினோராம் வகுப்பை முடித்துப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் மாணவர்களை ஏறத்தாழ ஒரு வாரம் வளாகத்தில் தங்கவைத்து, அந்த வாழ்க்கையைக் காட்டுகின்றன. கடற்படையிலும் விமானப்படையிலும் இதற்குச் சம்மர் செமினார் என்று பெயர். வெஸ்ட் பாயிண்டில் சம்மர் லீடர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்பார்கள். மாணவர்கள் சுருக்கி எஸ்எல்ஈ என்கிறார்கள். கடலோரக் காவல்படையின் நிகழ்ச்சி எய்ம் என்று வழங்கப்படுகிறது. முதல் மூன்றும் பெரும்பாலும் ஜூன் மாதத்தையொட்டியும், எய்ம் ஜூலையிலும் நடக்கும். எங்கள் மகள் போனது அன்னாபொலிஸுக்கு என்பதால், அதை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். மற்றவற்றின் அமைப்பும் இதற்கு நெருக்கமானதே.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, இந்த வாரத்திற்குச் செல்வதால் படையில் சேர வேண்டும் என்ற எந்தக் கடப்பாடும் ஏற்படாது. அகாடமியிலேயே சேர்ந்தவர்கள்கூட மூன்றாம் ஆண்டு தொடங்கும் வரை பணிக் கடப்பாடு இல்லாமல் விலகலாம். இரண்டாவது, கோடை வாரத்திற்குப் போகாததாலோ தேர்வாகாததாலோ பின்னால் அகாடமிச் சேர்க்கையில் எந்தக் குறையும் நேராது. இதை அகாடமிகளே வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆகவே இதைக் கல்லூரி நுழைவுக்கான குறுக்கு வழியாகவும் எண்ண வேண்டாம், ஒரு பொறியாகவும் எண்ண வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்று தன் உடம்பாலும் மனத்தாலும் சோதித்துப் பார்க்க இதைவிட நேர்மையான ஒரு வாய்ப்பு கிடைப்பது அரிது என்பது என் உறுதியான எண்ணம்.

குடியுரிமையை முதலில் பாருங்கள்

நம் குடும்பங்களில் பலருக்கு இதுதான் முதல் தடை. சிறப்பு ஏற்பாட்டின் பேரில் வெளிநாட்டு அரசுகள் அனுப்பும் சிலரைத் தவிர, அகாடமியில் சேரும் நாளில் மாணவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வழி இப்போதைக்குத் திறக்காது என்பதை, ஆசை வளரும் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது. கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவர், பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும் முன் குடியுரிமை பெற்றால், அவரோடு இங்கே வசிக்கும் பிள்ளைக்கும் சட்டப்படி அது தானாக வந்துசேரும். அப்படியானால் பிள்ளையின் பெயரில் கடவுச்சீட்டு எடுத்துவைக்க வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை, பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் இந்தியக் குடியுரிமை ஆகாது. ஆனால் ஏதாவது படிவத்தில் வெளிநாட்டுத் தொடர்பு பற்றிக் கேட்டால் அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

இலையுதிர் காலத்தில் செய்ய வேண்டியவை

விண்ணப்பம் ஜனவரி மாதத்தையொட்டித் திறக்கும். கடற்படை அகாடமிக்கு வழக்கமாக மார்ச் 31 வரை நேரம் இருக்கும். மற்றவற்றின் கடைசி நாட்கள் அதற்கு முன்னும் பின்னுமாக அமையும். நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும் என்பதால், ஒவ்வோர் அகாடமியின் சேர்க்கைப் பக்கத்தையும் டிசம்பரிலேயே பார்த்து, நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளம்பரங்கள் பலவும், "தலைமைப் பண்பு முகாம்" என்ற பெயரில் பெருந்தொகை வாங்கும் தனியார் நிகழ்ச்சிகளுடையவை. அவற்றுக்கும் இந்த அகாடமிகளுக்கும் தொடர்பில்லை. கடற்படைக்கு யுஎஸ்என்ஏ டாட் ஈடியு, தரைப்படைக்கு வெஸ்ட்பாயிண்ட் டாட் ஈடியு என்று முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து போவதே பாதுகாப்பு.

விண்ணப்பப் படிவம் நீளமானதல்ல. கையில் விவரங்கள் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். விவரங்களைத் திரட்டுவதுதான் வேலை. படிவத்தில் கேட்கப்படுபவை பெரும்பாலும் இவை: வகுப்பில் எத்தனையாம் இடம், அல்லது பள்ளி அதைக் கணக்கிடாவிட்டால் ஜிபிஏ என்னும் சராசரி மதிப்பெண்; கல்லூரிச் சேர்க்கையையொட்டிய பிஎஸ்ஏடி, எஸ்ஏடி, ஏசிடி ஆகியவற்றில் எழுதிய தேர்வின் மதிப்பெண், படித்த பாடங்கள், விளையாட்டு, மன்றங்கள், தொண்டு, பொறுப்புகள். அக்டோபரில் பள்ளியிலேயே நடக்கும் பிஎஸ்ஏடியைப் பலர் பயிற்சித் தேர்வு என்று அலட்சியமாக எழுதிவிடுவார்கள். ஜனவரியில் விண்ணப்பிக்கும்போது கையில் இருக்கும் ஒரே மதிப்பெண் சிலருக்கு அதுவாகவே இருக்கும். முடிந்தால் டிசம்பருக்குள் ஒரு எஸ்ஏடியும் எழுதிவிடுவது நல்லது. மார்ச் மாதத் தேர்வுக்குக் காத்திருந்தால், மதிப்பெண் வரும்போது விண்ணப்பம் மூடியிருக்கலாம். எல்லா அகாடமிகளிலும் கணிதத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். ஏனெனில் அங்கே வரலாறு படிக்கப் போகிறவரும் முதல் ஆண்டில் கால்குலஸையும் வேதியியலையும் கடந்தாக வேண்டும்.

செயல்பாடுகளை எழுதும் பகுதியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். சதுரங்கம், கணிதப் போட்டி, வயலின் என்று தனியாக வென்றவை நீளும். குழுவாகச் செய்தவை குறையும். அகாடமி தேடுவது பிறரோடு சேர்ந்து இயங்கியவரையும், பிறருக்குப் பொறுப்பேற்றவரையும். அதற்காக ஜனவரியில் அவசரமாக ஒரு மன்றத்தில் சேர்வதால் பயனில்லை. ஆனால் செய்ததைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் மகள் முதலில் "தமிழ்ப்பள்ளி" என்று ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். உட்கார்ந்து பேசியபோது, மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணி நேரம், மழலை வகுப்பில் பன்னிரண்டு குழந்தைகளுக்கு உதவி ஆசிரியராக இருந்தது தெரியவந்தது. எனக்கே அந்தக் கணக்கு புதிது. அதைப் பொறுப்பு, ஆண்டுகள், வாரத்திற்கு மணி, எத்தனை பேர் என்று எண்களோடு எழுதினாள். பரதநாட்டியத்தையும் அப்படித்தான்: அரங்கேற்றம் என்றால் என்ன என்று தெரியாதவருக்கு, "பத்து ஆண்டுப் பயிற்சிக்குப் பின் தனி ஆளாக இரண்டரை மணி நேரம் மேடையில் ஆடியது" என்று சொன்னால் புரியும். பொய் ஒரு சொல்கூட வேண்டாம். பின்னால் நேர்காணலில் ஒவ்வொரு வரியையும் பற்றிக் கேட்பார்கள்.

பள்ளிக் கவுன்சிலரை, அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகரை, டிசம்பர் விடுமுறைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். வகுப்பு நிலையையும் மதிப்பெண் பட்டியலையும் உறுதிசெய்ய வேண்டியவர் அவர்தான். ஒரே கவுன்சிலர் நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். மார்ச் கடைசி வாரத்தில் போய் நின்றால் அவர் மேல் தவறு சொல்ல முடியாது.

படிவத்தைப் பிள்ளைதான் நிரப்ப வேண்டும்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதில் தவறு செய்தேன். பிள்ளைகளின் படிவங்களை எல்லாம் நாமே நிரப்பிப் பழகியவர்கள் நாம். கணக்குத் தொடங்கும்போது தவறிவிடக்கூடாது என்ற எண்ணத்தில் என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தேன். பிப்ரவரியில், விடுபட்ட ஒரு விவரத்தைக் கேட்டு வந்த கடிதம் என் அலுவலக அவசரங்களுக்கு நடுவே பதினொரு நாட்கள் திறக்கப்படாமல் கிடந்தது. மகள் அன்று என்னிடம் கோபித்துக்கொண்டது நியாயம். மின்னஞ்சல் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். அதையும் தினமும் பார்க்கும் முகவரியாக, சொந்தப் பெயரைக் கொண்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி கொடுத்த முகவரி வேண்டாம். வெளியிலிருந்து வரும் கடிதங்களைச் சில பள்ளிகளின் வடிகட்டிகள் தடுத்துவிடும். சேர்க்கை அலுவலகத்திற்குச் சந்தேகம் கேட்டுத் தொலைபேசியில் பேசுவதும் பிள்ளையாகவே இருக்கட்டும். அப்பா பேசினால் பதில் கிடைக்கும்தான். ஆனால் நாளைக்கு முப்பது பேருக்குக் கட்டளை இடப் போகிறவரை அங்கே தேடுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடற்படை அகாடமியில் சம்மர் செமினாருக்குத் தரும் விண்ணப்பமே, அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான முதற்கட்ட விண்ணப்பமாகவும் எடுத்துக்கொள்ளப்படும். கோடை வாரத்திற்கு இடம் கிடைக்காவிட்டாலும் கோப்பு திறந்துவிடும். அந்த உழைப்பு வீணாகாது. ஜனவரியிலேயே விண்ணப்பிப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றுக்கு மேற்பட்ட அகாடமிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதைத் தவறாக யாரும் கருதுவதில்லை. ஆனால் நாட்கள் மோதாமல் பார்க்க வேண்டும். நியூஜெர்சி, நியூயார்க் பகுதிகளில் பள்ளி ஜூன் பின்பகுதி வரை நடப்பதால், ஜூன் முதல் வாரத் தொகுதி கிடைத்தால் ஆண்டிறுதித் தேர்வோடு மோதும். கடற்படையில் பொதுவாக மூன்று தொகுதிகள் இருக்கும். விருப்ப வரிசையைக் குறிக்கும் முன் பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மோதல் தவிர்க்க முடியாததாக இருந்தால், தேர்வை முன்கூட்டியே எழுத அனுமதி கேட்டுப் பள்ளி முதல்வருக்கு ஏப்ரலிலேயே எழுதிவிட வேண்டும்.

உடல் தயாரிப்பு

தேர்வுக் கடிதம் வரும் வரை காத்திருந்து ஓடத் தொடங்கினால் காலம் போதாது. கடலோரக் காவல்படை நீங்கலாக, அகாடமிச் சேர்க்கைக்கான உடற்தகுதித் தேர்வை சிஎஃப்ஏ என்பார்கள். வழக்கமாக அதில் ஆறு பகுதிகள்: மண்டியிட்டபடி கூடைப்பந்தை எறிதல், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல், நாற்பது கெஜ முன்பின் ஓட்டம், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால், கடைசியாக ஒரு மைல் ஓட்டம். ஒன்றன்பின் ஒன்றாக, சில நிமிட ஓய்வே கொடுத்து நடத்துவார்கள். தனித்தனியாக நன்றாகச் செய்பவர்களும் வரிசையாகச் செய்யும்போது அந்த மைலில் தள்ளாடிவிடுவார்கள். அதனால் பயிற்சியையும் வாரம் ஒரு முறையாவது அதே வரிசையில் செய்து பார்க்க வேண்டும்.

பந்து எறிதலை யாரும் பயிற்சி செய்வதில்லை. முழங்காலில் நின்றால் இடுப்புக்குக் கீழே உள்ள வலிமை பயன்படாது. தோளும் முதுகும் திரும்பும் விதத்தில்தான் தூரம் கிடைக்கும். பூங்காவின் டென்னிஸ் தளத்தில் பழைய குளியல் துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு மகள் எறிவாள். அவள் தம்பி அளவு நாடாவோடு பந்து விழும் இடத்துக்கு ஓடுவான். கைக்கு மட்டும் வேலை கொடுக்காமல் தோளைப் பின்னால் கொண்டுபோய் எறியத் தெரிந்துகொண்ட அன்று, ஒரே மாலையில் எட்டு அடி கூடியது. கம்பி இழுத்தல் அவ்வளவு எளிதில் வரவில்லை. ஜனவரியில் ஒன்றுகூட முடியவில்லை. நாற்காலியில் ஏறி மேலே போய், மெதுவாக ஐந்து எண்ணும் நேரம் எடுத்து இறங்குவதை நாள்தோறும் செய்தாள். மே மாதம் மூன்று முடிந்தது. மூன்று என்பது பெரிய எண் அல்ல. ஆனால் அந்த மூன்றும் ஊசலாடாமல் செய்தவை.

விமானப்படை அகாடமிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வளாகம் கடல் மட்டத்திலிருந்து 7,258 அடி உயரத்தில், ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் ஓடிப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு நாட்கள் மூச்சு வாங்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

தேர்வானால் மருத்துவப் படிவமும் பெற்றோர் ஒப்புதல் படிவமும் வரும். குடும்ப மருத்துவரிடம் உடனே நேரம் வாங்குங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, வழக்கமாக எடுக்கும் மருந்து எதையும் மறைக்கக் கூடாது. பதின்மூன்றாம் பிறந்த நாளுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்திருந்தால் படைச் சேர்க்கையின் மருத்துவ விதிப்படி அது தகுதியின்மையாகக் கருதப்படும். சிலருக்கு விலக்கு கிடைப்பதும் உண்டு. இதை இப்போதே தெரிந்துகொள்வது, பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் தெரிந்துகொள்வதைவிட நல்லது. சைவ உணவு உண்பவர்கள் அதைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். கோடை வாரத்திற்குக் கட்டணம் உண்டு. சில நூறு டாலர்கள் வரும், பயணச் செலவு தனி. அந்தத் தொகை பாரமாக இருந்தால் உதவி உண்டா என்று சேர்க்கை அலுவலகத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

அந்த ஒரு வாரம்

எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியலை அகாடமியே அனுப்பும்; அதில் இல்லாததைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. ஓடும் காலணி மட்டும் புதிதாக இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு மாதமாவது காலில் பழகியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் நாளே குதிகால் கொப்பளித்துவிடும்.

அன்னாபொலிஸில் மாணவர்கள் தங்குவது பான்கிராஃப்ட் ஹால் என்னும் விடுதியில். அகாடமியின் ஏறத்தாழ 4,400 மாணவர்களும் ஒரே கட்டடத்தில் வாழும் அளவுக்கு அது பெரியது. சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் மூத்த மாணவர் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். விடியும் முன்னரே எழுப்பி உடற்பயிற்சி. பகலில் பொறியியல், கடலியல், வரலாறு போன்ற துறைகளில் பேராசிரியர்கள் நடத்தும் வகுப்புகள். மாலையில் மறுபடியும் பயிற்சி. முதல் ஆண்டு மாணவர் இறுதியில் கடந்தாக வேண்டிய சீ டிரையல்ஸ் என்னும் சோதனையின் சிறு வடிவத்தையும் செய்ய வைப்பார்கள். சேற்றிலும் தண்ணீரிலும் குழுவாக ஊர்ந்து, பாரம் தூக்கி முடிக்க வேண்டியது அது. வகுப்புகளைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தரும்போது, ஏற்கெனவே தெரிந்த துறையை மட்டும் எடுக்காமல், தெரியாத ஒன்றையும் எடுக்கச் சொல்லுங்கள்.

அங்கே முதல் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு மரபு உண்டு. மூத்தவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியவில்லை என்றால் "தெரியாது" என்று சொல்லக் கூடாது, "கண்டுபிடித்துச் சொல்கிறேன், சார்" என்றுதான் சொல்ல வேண்டும். தவறு செய்துவிட்டால் "சாக்கு எதுவும் இல்லை, சார்" என்று மட்டும் சொல்ல வேண்டும். கத்துவதைக் கேட்டுப் பழகாத பிள்ளைகள் முதல் நாள் மிரண்டுபோவார்கள். அது தன்மேல் உள்ள வெறுப்பல்ல, பயிற்சியின் ஒரு பகுதி என்பதை முன்பே சொல்லி அனுப்புங்கள். முதல் இரவு மகள் இரண்டு நிமிடம் பேசினாள்; குரல் உடைந்திருந்தது. "வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமா?" என்று கேட்க வாயெடுத்ததை அடக்கிக்கொண்டு, "நாளைக்குப் பேசலாம், தூங்கு" என்றேன். நான்காம் நாள் அவளே சிரித்துக்கொண்டு பேசினாள்.

வீடு திரும்பிய பின்

திரும்பிய முதல் இரண்டு நாட்களுக்குள் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, எது பிடித்தது, எதைத் தாங்க முடியவில்லை, நான்கு ஆண்டுகள் இப்படி வாழ விருப்பமா என்று எழுதச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்ற விடை வந்தால் அதை மதியுங்கள். அந்த வாரம் தன் வேலையைச் செய்துவிட்டது. "வேண்டும்" என்றால் ஓய்வெடுக்க நேரமில்லை. கடலோரக் காவல்படை அகாடமியைத் தவிர மற்ற மூன்றிலும் சேர நியமனப் பரிந்துரை வேண்டும். உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களிடமும், உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினரிடமும், துணை அதிபரிடமும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம், நால்வரிடமும் விண்ணப்பியுங்கள். கட்சி பார்க்க வேண்டியதில்லை, அவர்களைத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்திற்கும் தனிப் படிவமும் தனிக் கடைசி நாளும் உண்டு. பல அலுவலகங்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே மூடிவிடுகின்றன. கணித ஆசிரியரிடமும் ஆங்கில ஆசிரியரிடமும் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். கடற்படை அகாடமியின் சார்பில், புளூ அண்ட் கோல்ட் ஆபீசர் என்று அழைக்கப்படும் தன்னார்வ அதிகாரி வீட்டிற்கோ பள்ளிக்கோ வந்து நேர்காணல் நடத்துவார். மருத்துவப் பரிசோதனையும் உடற்தகுதித் தேர்வும் முடித்து, கடற்படை அகாடமியின் முழு விண்ணப்பத்தையும் பன்னிரண்டாம் வகுப்பின் ஜனவரி 31-க்குள் நிறைவு செய்ய வேண்டும். எங்கள் மகள் ஜூன் மாதம் வீடு வந்த மூன்றாம் நாள், செனட்டர் அலுவலகத்தின் படிவத்தைத் தானே அச்சிட்டு, கடைசி நாளைச் சிவப்பு மையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.